நூற்றுக்கு இருபத்தொன்பது

பால் ஸ்டோரில் பதினெட்டு வருஷம் நின்று ரப்பர் பால் அளந்தவன் எவனையும் நம்ப மாட்டான். நானும் நம்பினதில்லை. மழை நாளில் பால் கூடி வந்தால் சந்தேகம். வெயில் நாளில் குறைந்து வந்தால், மிச்சத்தை எங்கே இறக்கினான் என்று சந்தேகம். ஒருவன் சிரித்த முகத்தோடு வாளியை வைத்தால், மூடியைத் திறக்கும் முன்னாலேயே அடியைத் தட்டிப் பார்ப்பேன். ஒரு தடவை ஒரு வாளிக்குள் ஆற்றுக்கல் கிடந்தது. இன்னொரு தடவை அரிசி கழுவின தண்ணி. அதைப் பார்த்த பிறகு எனக்கு எல்லா வாளியும் ஒரே வாளிதான்.

மருதம்மாளின் வாளியையும் அப்படித்தான் பார்த்தேன்.

பாடாங் செராய் டவுனிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் தோட்டம். சுற்றிலும் எண்ணெய் எடுக்கிற செம்பனை ஆகிவிட்டது. எங்களிடம் மட்டும் இன்னும் கொஞ்சம் பால்மரம் மிச்சம். மருதம்மாளுக்கு வயது நாற்பத்தேழு. இருபத்தாறு வருஷமாகப் பால் வெட்டுகிறாள். புருஷன் கூலிம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் காவல் வேலை. மகள் நளினி பாடாங் செராயில் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறாள். ஆள் கறுப்பு, ஒல்லி, காலில் ஆம்பளை பூட்ஸ். தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரை படித்தவள். அந்த ஆறு வருஷத்தில் அவள் தலையில் ஆணி அடித்த மாதிரி நின்றது ஒன்றுதான்: நூற்றுக்கு எத்தனை.

யார் எதைச் சொன்னாலும் அதைத்தான் கேட்பாள். கோயில் தலைவர் மேடையில் நின்று, "இந்த வருஷம் திருவிழாவுக்குத் தோட்டமே தெரண்டு வந்துச்சு" என்றார். இவள் கீழே இருந்து, "தோட்டத்துல இருக்கிறது இருநூத்திப் பத்துப் பேரு. வந்தது எழுவது. நூத்துக்கு முப்பத்து மூணுதான் அண்ணே தெரண்டுச்சு" என்றாள். அதற்குப் பிறகு அவர் அவளைப் பார்த்துக்கொண்டு மேடையில் பேசியதில்லை.

ஒரு நாள் டவுன் கடையில் சோப்புத்தூள் பாக்கெட்டில் 'இருபத்தைந்து பெர்சென்ட் கூடுதல்' என்று போட்டிருந்தது. பழைய பாக்கெட் எண்ணூறு கிராம். புதுசு தொள்ளாயிரம். கடைக்காரரிடம் போனாள். "எண்ணூறுக்கு இருபத்தஞ்சு பெர்சென்ட்னா இருநூறு கிராம் வரணும். நூறுதான் இருக்கு. எட்டுல ஒண்ணு, பன்னெண்டரை. மிச்சம் பன்னெண்டரை யாரு வீட்டுல இருக்கு?" அந்த ஆள் தலைவலி விட்டால் போதும் என்று நாலு சின்னப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்து அனுப்பினார். இவள் அந்த நாலையும் தராசில் வைக்கச் சொன்னாளாம்.

"மூணு எண்ணு கையில இருந்தா நாலாவது எங்க ஒளிஞ்சாலும் புடிச்சிடலாம்" என்பாள். இதெல்லாம் எனக்குப் பிடிக்காது. கணக்குப் பேசுகிறவள் கணக்காகத் திருடுவாள் என்று நினைக்கிற ஆள் நான்.

நான்தான் இங்கே மண்டோர், பால் அளக்கிற மேஸ்திரி. அளக்கிற முறையைச் சொல்லிவிடுகிறேன். வாளிப் பாலில் எல்லாமே ரப்பர் இல்லை, பாதிக்கு மேல் நீர்தான். நல்ல மரத்துப் பாலில் நூற்றுக்கு முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு ரப்பர் இருக்கும். அதைப் பார்க்க மெட்ரோலாக் என்கிற மிதக்கிற கோல் இருக்கிறது. பாலை அப்படியே அளந்தால் கெட்டியாக இருக்கும், கோல் சரியாக நிற்காது. அதனால் ஒரு குவளைப் பாலோடு இரண்டு குவளைத் தண்ணி கலந்து, கோலை விட்டு, அது காட்டுகிற எண்ணை மூன்றால் பெருக்குவோம். அதுதான் அன்றைய பெர்சென்ட். சம்பளம் அதன் மேல்தான்.

முன்பெல்லாம் ஒரே அலுமினியக் குவளை. பாலும் அதில்தான், தண்ணியும் அதில்தான். ஜூன் மாதம் முதல் வாரம் புவனேஸ்வரன் சண்டைக்கு வந்தான். அவன் ஸ்டோருக்குப் பக்கத்து பிளாக்கில் வெட்டுகிறவன். தினமும் முதல் ஆளாக வந்து நிற்பான்.

"மண்டோர் அண்ணே, ஈரக் குவளையிலயே எம்பாலை மொள்றீங்களே, அதுல ஒட்டியிருக்கிற தண்ணி யாரு கணக்குலா? எனக்குத்தானே கொறையும்?"

திருட்டுப் பட்டம் என் தலையில் விழுந்துவிடுமோ என்று, மறுநாளே தண்ணிக்குத் தனியாக ஒரு நீலப் பிளாஸ்டிக் குவளை வாங்கி வைத்தேன். அதே அளவுதான். அலுமினியக் குவளை பாலுக்கு மட்டும் என்று ஆனது. ஈரமே படாது.

அடுத்த வாரமே மருதம்மாளின் பெர்சென்ட் விழுந்தது. வருஷக்கணக்காக முப்பத்து நான்கு கொண்டுவந்தவள். முப்பது, இருபத்தொன்பது, இருபத்தொன்பது. மற்றவர்களில் பல பேருக்கும் ஒரு நாள் ஒன்று, ஒரு நாள் நாலு என்று இறங்கி ஏறியது. அவர்கள் ராத்திரித் தூறலைச் சொன்னார்கள், நானும் சரி என்றேன். தினமும் ஐந்து இறங்கினால் அது தூறல் இல்லை, அது குழாய்த் தண்ணி.

மேனேஜர் ஆபீஸ் கணக்கு எழுதுகிற கிராணியைக் கூப்பிட்டுச் சொன்னார். எங்கள் கிராணி டக்ளஸ், நல்ல மனுஷன், ஆனால் எதையும் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுவார். பால் ஸ்டோரில் எல்லார் முன்னாலும் சொன்னார்.

"மருதம்மா, ஏழு நாள் டைம். பெர்சென்ட் ஏறலைன்னா ஒன் மரத்தை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. ஒனக்கு உரம் போடுற வேலை. பாலுல தண்ணி கலந்தாள்னு ரெக்கார்டுல எழுதிடுவாங்க."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். "எழுதினா எழுதினதுதானா?"

"எழுதினா எழுதினதுதான்."

"மரத்தை எடுத்தா எடுத்துக்கட்டும் சார். அந்த வார்த்தையை எழுதக்கூடாது."

புவனேஸ்வரன் சிரித்தான். "அக்கா, பேசாம மாட்டுப்பால் யாவாரம் பண்ணுங்க. இந்தக் கைக்கு நல்லா ஓடும்லா."

"பண்ணலாம் தம்பி. மொதல்ல ஒன்னையக் கட்டிவச்சுக் கறந்து பழகிக்கிறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பேச்சில் கெட்டிக்காரர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வாளிக்கு நம்பர் போடுகிற சாக்கட்டியை எடுத்துக்கொண்டு அவள் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தாள். "அண்ணே, நான் எத்தனை லிட்டர் தண்ணி ஊத்தினேன்?"

"அது ஒனக்குத்தான் தெரியும்."

"எனக்குத் தெரியாது. அதனால அதுக்கு 'த'ன்னு பேரு வைக்கிறேன். எம்பாலு நாப்பது கிலோ. அதுல தண்ணிய எடுத்துட்டா நாப்பது கழித்தல் த. அந்தச் சுத்தப் பாலுல நூத்துக்கு முப்பத்து நாலு ரப்பரு. நீங்க சொல்றது, கலந்த நாப்பது கிலோவுல நூத்துக்கு இருபத்தொம்பது. தண்ணி ஊத்தினா ரப்பரு கூடவும் செய்யாது கொறையவும் செய்யாது. அப்ப ரெண்டு பக்கமும் ஒண்ணுதானே?"

தரையில் எழுதினாள். ஒரு பக்கம் ஆயிரத்து முந்நூற்று அறுபது கழித்தல் முப்பத்து நான்கு த. இந்தப் பக்கம் ஆயிரத்து நூற்று அறுபது. "வித்தியாசம் எரநூறு. எரநூறை முப்பத்து நாலால வகுத்தா ஆறுக்குக் கொஞ்சம் கம்மி. தெனமும் ஆறு லிட்டர் தண்ணி அண்ணே. பெரிய போத்தல் நாலு. எம் பிளாக்கு தோட்டத்துக் கடைசி மேடு. அங்க குழாயும் கெடையாது ஒண்ணும் கெடையாது. நாலு போத்தலை நான் எங்க வச்சுக் கொண்டுபோனேன்னு போய்ப் பாருங்க."

பார்க்கத்தானே போகிறேன் என்று மனதில் நினைத்தேன். கீழே ஒரு ஓடை இருக்கிறது. அது அவளுக்குத் தெரியாதா என்ன?

எழுந்தவள் இன்னொன்றும் கேட்டாள். "எம்பாலுல ஒரு கிலோ குடுங்க. உறைய வச்சுக் காயப்போட்டு நிறுத்துப் பாப்போம். கோலு பொய் சொல்லலாம், காஞ்ச ரப்பரு பொய் சொல்லாது."

கிராணி சரி என்றார். பாலை நானே மொண்டு நிறுத்தேன். அவளை மொள்ள விடவில்லை. ஆசிட்டும் நானே ஊற்றினேன். உறைந்ததைப் போத்தலால் உருட்டி அப்பளம் மாதிரி மெலிசாக்கினாள். காயப்போட வீட்டுக்குக் கொண்டுபோய் வேறு ரப்பர் ஷீட்டை மாற்றி வைத்துவிட்டால்? உளியை எடுத்து ஒரு மூலையில் மூன்று வெட்டுப் போட்டேன்.

"எதுக்குண்ணே?"

"அடையாளத்துக்கு."

"மாட்டுக்குச் சூடு போடுற மாதிரி. என் நெத்தியிலயும் ஒண்ணு போட்டு விடுங்க."

மறுநாள் பால் எடுக்கிற நேரத்துக்கு முன்னாலேயே, கோலைக் கிராணியிடம் கொடுத்துவிட்டு நான் ஓடைக்குப் போனேன். மோட்டார் சைக்கிளைத் தள்ளி நிறுத்திவிட்டு, பன்னிச்செடிப் புதருக்குள் குத்தவைத்தேன். ஒன்பதரை மணியிலிருந்து பதினொன்றரை வரை. அங்கிருந்து அவள் நிரை முழுவதும் தெரியும். ஒவ்வொரு மரமாகப் போனாள். மங்குக் கிண்ணத்தில் இருந்த பாலை வழித்து வாளியில் ஊற்றினாள். வியர்வையைத் துடைத்தாள். ஒரு சின்னப் போத்தல் தண்ணி இருந்தது, அதையும் அவளே குடித்தாள். ஓடைப் பக்கம் தலை வைக்கவில்லை. கொசு என்னைப் பிய்த்துவிட்டது.

திரும்பிப் போகும்போது மோட்டாரை என் புதருக்கு நேராக நிறுத்தினாள்.

"என்னண்ணே, வயித்துக்குச் சரியில்லையா?"

நான் கொசுவை அடித்துக்கொண்டே எழுந்தேன்.

"காலையில எட்டு மணிக்கே வந்திருக்கணும். வெட்டும்போதே மரத்துக்குள்ள தண்ணி ஊத்திட்டா என்ன பண்ணுவீங்க?"

அவள் பின்னாலேயே ஸ்டோருக்கு வந்தேன். கண்ணை வாளியிலிருந்து எடுக்கவில்லை. கிராணியே கலந்தார், கிராணியே கோலை விட்டார், கிராணியே படித்தார். இருபத்தொன்பது.

டக்ளஸ் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "அய்யாவு, நீ தூங்கிட்டியா, இல்ல அவ ஒனக்கு டீ வாங்கிக் குடுத்தாளா?"

பதினெட்டு வருஷத்தில் என்னைப் பார்த்து ஒருவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சந்தேகப்படுகிறவனுக்கு வயிறு சும்மா இருக்கும். சந்தேகிக்கப்பட்டவனுக்கு அப்படி இல்லை. அவள் இத்தனை நாளாக எப்படிச் சாப்பிட்டாள் என்று நினைத்தேன். நினைத்தேன், அவ்வளவுதான். சந்தேகம் போய்விடவில்லை. தினமும் சாயங்காலம் அவள் வீட்டுப் பக்கம் மோட்டாரை விட்டு, துணிக்கொடியில் தொங்கிய ஷீட்டில் மூன்று வெட்டு இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. முதலில் வெள்ளை. பிறகு ஓரம் மட்டும் தேன் நிறம். ஐந்தாம் நாள் ஒரு வெள்ளைப் பொட்டு இல்லாமல் முழுக்க தேன் நிறம், அந்தப் பக்கம் கையை வைத்தால் இந்தப் பக்கம் தெரிந்தது.

ஏழாம் நாள் மருதம்மாள் வழக்கம்போல் கடைசி ஆளாக வந்தாள். முப்பத்திரண்டு பேரில் முப்பத்திரண்டாவது ஆள். முப்பத்தொரு பேரும் வீட்டுக்குப் போகாமல் நின்றார்கள். கிராணி கையில் ரெக்கார்டு புத்தகம். அவள் மகளுடைய கேக் தராசையும் ஷீட்டையும் கொண்டுவந்திருந்தாள்.

முதலில் வாளிப் பாலைக் கலந்து கோலை விட்டேன். ஒன்பது புள்ளி ஏழு. மூன்றால் பெருக்கினால் இருபத்தொன்பது.

ஷீட்டைத் தராசில் வைத்தாள். முந்நூற்று நாற்பது கிராம்.

"ஆயிரம் கிராமுக்கு முந்நூத்தி நாப்பது" என்றாள். "நூத்துக்கு முப்பத்து நாலு."

"உள்ளே ஈரம் இருக்கும்" என்றேன்.

"இருபத்தொம்பதுன்னா எரநூத்தித் தொண்ணூறு கிராம்தான் வரணும். அம்பது கிராம் ஈரமா? மூணு நாளா நிறுக்கிறேன், ஒரு கிராம் எறங்கலை. நீங்கதான் தெனமும் வந்து பாத்தீங்களே, இவங்க எல்லாருக்கும் தெரியும்."

கூட்டம் என்னைப் பார்த்துச் சிரித்தது. கிராணி ஷீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப கோல் கெட்டுப்போச்சா?"

"கோலு கெட்டிருந்தா எல்லாருக்கும் அஞ்சு எறங்கணுமே சார். புவனேஸ்வரனுக்கு ஒண்ணுமே எறங்கலை. கலக்குறதுலதான் என்னமோ இருக்கு." மறுபடி சாக்கட்டி. "ஒரு குவளைப் பாலு, ரெண்டு குவளைத் தண்ணி. மூணு பங்குல ஒரு பங்கு எம்பாலு. எம்பாலு முப்பத்து நாலுன்னா கோலு பதினொண்ணு புள்ளி மூணு காட்டணும். காட்டுறது ஒம்பது புள்ளி ஏழு. ஒம்பது புள்ளி ஏழை முப்பத்து நாலால வகுத்தா..." தரையில் வகுத்தாள். "நூறு பங்குல இருபத்தெட்டரைதான் பாலு. மூணுல ஒண்ணு இல்ல சார். ஏழுல ரெண்டு. அப்படின்னா அஞ்சு பங்கு தண்ணிக்கு ரெண்டு பங்கு பாலு. ரெண்டு குவளைத் தண்ணிக்கு முக்காக் குவளைக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். ஒரு குவளைன்னு சொல்லி மொள்ற பாலுல அஞ்சுல ஒரு பங்கு வரலை."

நான் குவளையைத் தூக்கிக் காட்டினேன். "நான் விளிம்பு தட்ட மொள்றேன். எல்லாரும் பாக்குறாங்க. நான் குறைச்சு மொள்றேன்னு சொல்றியா?"

"நீங்க கொறைக்கலைண்ணே. குவளையக் குடுங்க."

நீலக் குவளையில் தண்ணி நிரப்பித் தராசில் வைத்தாள். குவளையின் எடையைக் கழித்து இருநூற்றைம்பது கிராம். அந்தத் தண்ணியை அலுமினியக் குவளையில் ஊற்றினாள். விளிம்பு வரைக்கும் வந்து, வழிந்து, அவள் பூட்ஸ் மேல் கொட்டியது. குவளைக்குள் நின்றதை நிறுத்தாள். இருநூற்றொன்று.

பிறகு தண்ணியைக் கொட்டிவிட்டு, விளிம்புக்குள் நகத்தைக் கொடுத்து ஒரு இழுப்பு இழுத்தாள். வெள்ளையாக, வழுவழுவென்று, அடி, பக்கம், விளிம்பு எல்லாம் சேர்ந்து, குவளைக்குள்ளிருந்து இன்னொரு குவளை கையோடு வந்தது.

பால் மொண்ட குவளையில் ஒரு மெல்லிய தோல் ஒட்டிக்கொள்ளும். முன்பு அதே குவளையில் தண்ணியும் மொண்டதால் அது ஒவ்வொரு தடவையும் கழுவிப்போனது. தனிக் குவளை வைத்த நாளிலிருந்து ஒவ்வொருவர் பாலும் ஒரு தோலை விட்டுப் போயிருக்கிறது. முதல் ஆளுக்குக் குவளை முழுசு. கடைசி ஆளுக்கு முப்பத்தொரு தோல் தடிப்பு. அவளை ஒளிந்து பார்த்தவன் நான். இந்தத் தோலைத் தினமும் வேலை முடிந்து, குவளையைச் சுத்தம் செய்கிறேன் என்று, என் கையாலேயே உரித்து காய்ந்த பால் சேர்க்கிற ஒட்டுப்பால் மூட்டையில் போட்டவனும் நான்தான். ஒரு நாள்கூட அதைக் கையில் வைத்து யோசிக்கவில்லை.

சுத்தமான குவளையில் மறுபடி கலந்தோம். கோல் பதினொன்று புள்ளி மூன்றில் நின்றது.

புவனேஸ்வரன் பின்னால் நழுவினான். "நான் ஈரம்னுதான் சொன்னேன். கழுவாதீங்கன்னு சொல்லலையே."

"ஒன்னைய யாரும் கேக்கலை தம்பி" என்றாள்.

கிராணி புத்தகத்தை மூடினார். அந்த வார்த்தை எழுதப்படவில்லை. ஆனால் மேனேஜர் அறையில் வாய் வார்த்தையாக அது ஏற்கெனவே இருந்தது. அதை எடுக்க வேண்டியவன் நான். அந்த உரித்த தோல் குவளையை நீலக் குவளைக்குள் போட்டு எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். எனக்கு மலாய் சண்டைக்கு மட்டும் நன்றாக வரும், தப்பை ஒத்துக்கொள்ள வராது. சாமானை மேசை மேல் வைத்து, 'சாலா சாயா' என்றேன். என் தப்பு. மேனேஜர் தோலை விரலால் அமுக்கிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். பதினெட்டு வருஷமாக நான் மற்றவர்களைப் பார்த்த அதே பார்வை.

திரும்பி வந்தபோது ஸ்டோரில் அடுத்த சண்டை ஆரம்பித்திருந்தது. எல்லாருடைய பெர்சென்ட்டையும் திருத்த வேண்டும், யாருக்கு எத்தனை ஏற்றுவது? ஆளுக்கு ஐந்து என்றார்கள் சிலர்.

மருதம்மாள் வாளியைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "தோலு ஆளுக்கு ஒண்ணா ஏறினது. மொதல் ஆளுக்கு ஒண்ணுமில்லை, கடைசி ஆளுக்கு அஞ்சு. நடுவுல நிக்கிற ஆளுக்கு ரெண்டரை. வரிசையில எத்தனையாவதோ அந்தப் பங்கு. தெனமும் யாரு எப்ப வந்தான்னு கிராணி சார் புத்தகத்துலயே இருக்கு."

"அப்ப எனக்கு?" என்றான் புவனேஸ்வரன்.

"நீதான் தெனமும் மொதல் ஆளாச்சே. நூத்துக்கு முட்டை."

அவளிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று இரண்டு தடவை அவள் மோட்டார் பக்கம் போனேன். ஒரு தடவை செயினுக்கு எண்ணெய் போடச் சொன்னேன். இன்னொரு தடவை ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். அவளும் எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை.

இப்போது பழையபடி ஒரே குவளைதான். ஒவ்வொரு ஆளுக்கும் கழுவித் துடைக்கிறேன். அவள் இன்றைக்கும் கடைசி ஆளாகத்தான் வருகிறாள். வந்தவுடன் வாளியை இறக்க மாட்டாள். முதலில் குவளையை வாங்கி, உள்ளே விரலை விட்டு ஒரு சுற்று சுற்றுவாள். முப்பத்தொரு பேர் முன்னால். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக வந்தது. இப்போது அவள் கேட்பதற்கு முன்னாலேயே நீட்டிவிடுகிறேன்.

அவள் விரலைப் பார்ப்பாள். சுத்தமாக இருந்தால் மட்டும் மூடியைத் திறப்பாள். நானும் விடுவதில்லை. மூடி திறந்ததும் வாளியின் அடியை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் மொள்கிறேன்.